500 ஜிபி ஹார்டு டிஸ்கில் 34 ஜிபி எங்கே போச்சு? ‘லோ-லெவல் ஃபார்மட்’ போட்டால் திரும்ப வருமா?

லேப்டாப்பில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. டிஸ்க் ஃபுல். யாரிடமாவது கேட்டால் ஒரு யோசனை தயாராக இருக்கும்: “லோ-லெவல் ஃபார்மட் போட்டுப் பாரு மச்சி, கம்பெனிக்காரன் ஒளிச்சு வச்ச இடமெல்லாம் வெளிய வந்துரும்.”

இந்த யோசனை முழுப் பொய்யாக இருந்தால் எப்போதோ செத்துப் போயிருக்கும். 1980-களில் இது நிஜமாகவே வேலை செய்தது. 20 எம்பி டிஸ்க், ஃபார்மட் செய்யும் முறையை மாற்றியதும் 30 எம்பி ஆனது. அந்தப் பழைய உண்மையின் நிழலில்தான் இன்றைய வதந்தி பிழைத்துக்கொண்டிருக்கிறது. அதை நம்பி ஃபார்மட் போடுகிறவர்கள் இழப்பது இடத்தை அல்ல, உள்ளே இருந்த எல்லாவற்றையும்.

இந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. சென்னையில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு லேப்டாப் போனால் கிளவுடில் ஒரு நகல் இருக்கும். ஏற்காடு மலையில் உள்ள வெள்ளக்கடை போன்ற ஊர்களில் நிலைமை வேறு. மலைச் சரிவில் சிக்னல் மேட்டில் கிடைக்கும், பள்ளத்தில் இருக்காது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 50 ஜிபி படங்களை மேலேற்றினால், இடையில் ஒருமுறைகூட இணைப்பு அறுந்து போகாமல் இருந்தாலே, 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் கல்யாண வீடியோ, கல்லூரி ப்ராஜெக்ட், எஸ்டேட் கணக்கு எல்லாமே ஒரே டிஸ்கில், ஒரே பிரதியாகக் கிடக்கும். டிஸ்கைக் காட்ட வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும். அங்கே “ஃபார்மட் போட்டா சரியாயிடும்” என்று ஒருவர் சொன்னால் மறுக்கத் தோன்றாது.

அதனால்தான் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சந்தேகம்: காணாமல் போன 34 ஜிபி

500 ஜிபி என்று எழுதிய டிஸ்கை விண்டோஸில் மாட்டினால் 465 என்று காட்டும். 1 டெராபைட் வாங்கினால் 931. “பாத்தியா, மீதிய அமுக்கிட்டான்” என்று சந்தேகம் தொடங்குவது இங்கேதான்.

உண்மையில் ஒரு பைட்கூட காணாமல் போகவில்லை. டிஸ்க் செய்யும் நிறுவனம் 1 ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. பொருள் ஒன்று, படி இரண்டு. பெரிய படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே 1024 கணக்குக்கு ‘கிபிபைட்’, ‘ஜிபிபைட்’ என்று தனிப் பெயர்கள் வைத்தது. ஆப்பிள் 2009-ல் மேக் கம்ப்யூட்டர்களில் 1000 கணக்குக்கு மாறிவிட்டது. விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டு, பக்கத்தில் ‘ஜிபி’ என்றே எழுதுகிறது.

ஆக, அந்த 34 ஜிபியை எந்த ஃபார்மட்டாலும் ‘மீட்க’ முடியாது. அது தொலையவே இல்லை.

ஃபார்மட் என்பது ஒன்றல்ல

நாம் தினமும் சொல்லும் ‘ஃபார்மட்’ மேல்மட்ட வேலை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் புதிதாக எழுதுவது. அவ்வளவுதான்.

லோ-லெவல் ஃபார்மட் அதற்கும் அடியில் நடப்பது. சுழலும் காந்தத் தட்டில் வட்ட வட்டமாகத் தடங்கள் இருக்கும். ஒவ்வொரு தடமும் செக்டர் எனும் துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் ஒரு இடைவெளி, ‘இங்கே தொடங்குகிறது’ என்ற குறி, பின்னால் பிழை திருத்தும் குறியீடு. இவை எல்லாமே தட்டில் இடம் பிடிக்கும். ஆனால் அதில் உங்கள் ஃபைல் இருக்காது.

ஏற்காட்டு காப்பித் தோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏக்கர் முழுக்கக் காப்பிச் செடி நட முடியாது. ஆள் நடக்க வழி விட வேண்டும். நிழலுக்கு சில்வர் ஓக் வேண்டும். அந்த மரங்களை வெட்டினால் இன்னும் கொஞ்சம் செடி நடலாம்தான். ஆனால் வெயில் கடுமையாக அடிக்கும் வருஷத்தில் அந்த மரம் எதற்கு நின்றது என்று தெரியும். டிஸ்கில் அந்த இடைவெளிகளும் திருத்தக் குறியீடும் வழியும் நிழலும் மாதிரி.

ஒரு காலத்தில் இடம் கூடியது உண்மை

1980-களின் கம்ப்யூட்டர்களில் டிஸ்க் வேறு, அதை இயக்கும் கன்ட்ரோலர் அட்டை வேறு. தடத்தை எப்படித் துண்டு போடுவது என்று தீர்மானித்தது அந்த அட்டைதான். சீகேட் நிறுவனத்தின் எஸ்டி-225 அன்றைய பிரபலமான டிஸ்க். எம்எஃப்எம் என்ற முறையில் ஒரு தடத்துக்கு 17 செக்டர், மொத்தம் சுமார் 20 எம்பி. ஆர்எல்எல் என்ற நெருக்கமான முறையில் எழுதும் அட்டையைச் செருகி மறுபடி லோ-லெவல் ஃபார்மட் செய்தால் ஒரு தடத்துக்கு 26 செக்டர். 30 எம்பி! கூடுதலாக 50 சதவீத இடம்.

ஆனால் எஸ்டி-225 அந்த நெருக்கத்துக்காகச் சோதிக்கப்பட்ட டிஸ்க் அல்ல. அதற்கென்றே சீகேட் எஸ்டி-238ஆர் என்ற தனி மாடலை விற்றது. காசு மிச்சம் பிடிக்க நினைத்துப் பழைய டிஸ்கிலேயே ஆர்எல்எல் போட்டவர்களில் பலருக்கு முதலில் எல்லாம் நன்றாகவே ஓடியது. சில மாதம் கழித்து ஃபைல்கள் படிக்காமல் போயின.

ஃபிளாப்பியிலும் இதே கதைதான். 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஒரு தடத்துக்கு 18 செக்டர். இடைவெளிகளைச் சுருக்கி 21 செக்டர் திணித்து, மைக்ரோசாஃப்ட் அதே தட்டில் 1.68 எம்பி ஏற்றியது. விண்டோஸ் 95 ஃபிளாப்பியில் வந்தபோது இந்த முறைதான் பயன்பட்டது. ஆனால் அது எழுதி எழுதி அழிக்கும் வேலைக்கு ஏற்றதல்ல. தொழிற்சாலையில் ஒருமுறை எழுதுவது, வீட்டில் படிப்பது என்ற அளவுக்குத்தான் தாங்கும்.

இரண்டு கதைகளிலும் இடம் சும்மா கிடைக்கவில்லை. பாதுகாப்பு விளிம்பை வெட்டித்தான் கிடைத்தது.

அந்த லாபத்தை கம்பெனியே எடுத்துவிட்டது

1990-களில் கன்ட்ரோலர் டிஸ்குக்குள்ளேயே போய்விட்டது. எழுதும் தலை எந்தத் தடத்தின் மேல் நிற்கிறது என்று காட்டும் சர்வோ குறிகளைத் தொழிற்சாலையிலேயே எழுதிவிடுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரால் அவற்றைத் திரும்ப எழுத முடியாது. தடங்களை நெருக்கும் அதிகாரம் பயனரின் கையை விட்டுப் போனது அப்போதுதான்.

அதன் பிறகும் லோ-லெவல் அமைப்பை மாற்றி இடம் கூட்டும் வேலை நிற்கவில்லை. செய்யும் ஆள் மட்டும் மாறினார்.

பல ஆண்டுகளாக ஒரு செக்டர் என்றால் 512 பைட். அதற்கு சுமார் 50 பைட் திருத்தக் குறியீடு, 15 பைட் இடைவெளியும் குறியும். மொத்தம் 577 பைட் செலவழித்தால்தான் 512 பைட் வைக்க முடியும். பயன் 88.7 சதவீதம். எட்டு செக்டர்களைச் சேர்த்து 4096 பைட்டுக்கு ஒரே செக்டர் ஆக்கினால்? 100 பைட் திருத்தக் குறியீடும் அதே 15 பைட்டும் போதும். பயன் 97.3 சதவீதமாக ஏறிவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு செக்டருக்கான திருத்தக் குறியீட்டை அவர்கள் வெட்டவில்லை. ஒரு செக்டருக்கு 50 பைட்டாக இருந்ததை 100 ஆக்கினார்கள். பெரிய துண்டுக்கு ஒரே நீளமான குறியீடு இருந்தால், அருகருகே சேதமான பைட்டுகளைத் திருத்தும் திறனும் கூடும். இடமும் கூடியது, பாதுகாப்பும் கூடியது. நல்ல பொறியியல் என்பது இதுதான்.

‘அட்வான்ஸ்டு ஃபார்மட்’ எனும் இந்த முறைக்கு லேப்டாப், டெஸ்க்டாப் டிஸ்குகளின் புதிய மாடல்கள் மாற வேண்டிய தேதியாக டிஸ்க் தொழில்துறை வைத்தது 2011 ஜனவரி. அதே ஆண்டு செப்டம்பர் 15-ல்தான் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளில் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அது. அதன் பிறகு வந்த டிஸ்குகளில் லோ-லெவல் அமைப்பால் கிடைக்கக்கூடிய லாபம் ஏற்கெனவே பிழிந்து எடுக்கப்பட்டுவிட்டது. மறுபடி பிழிய ஒன்றும் மிச்சமில்லை.

அப்போ கடையில் போடுவது என்ன?

இன்று ‘லோ-லெவல் ஃபார்மட்’ என்ற பெயரில் கிடைக்கும் சாஃப்ட்வேர்கள் செய்வது ஒரே ஒரு வேலை: டிஸ்க் முழுக்க பூஜ்ஜியம் எழுதுவது. 1 டெராபைட் டிஸ்கில், நொடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்தால் மூன்று மணி நேரம் ஆகும். முடிந்ததும் அதே 931 தான் காட்டும்.

பிறகு ஏன் “ஃபார்மட் போட்டதும் டிஸ்க் சரியாயிடுச்சு” என்கிறார்கள்? காரணம் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கும் கொஞ்சம் உதிரி செக்டர்களைத் தனியாக வைத்திருக்கும். ஒரு செக்டர் கெட்டால், அதன் மேல் புதிதாக எழுத வரும்போது டிஸ்க் அந்த முகவரியை உதிரிக்கு மாற்றிவிடும். முழுக்க பூஜ்ஜியம் எழுதும்போது கெட்டவை எல்லாம் மொத்தமாக மாற்றப்படும். டிஸ்க் ‘குணமான’ மாதிரி தெரியும். உண்மையில் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்திருக்கிறது.

சிலர் இந்த உதிரி செக்டர்களைத்தான் ‘ஒளித்து வைத்த இடம்’ என்கிறார்கள். ஒளித்து வைத்தது இல்லை. அவசரத்துக்கு எடுத்து வைத்தது. அதைச் சாதாரண இடமாக மாற்ற முடிந்தால்கூட, அடுத்த செக்டர் கெடும்போது மாற்ற ஆள் இருக்காது.

2004-ல் ஒரு பிரிட்டிஷ் தொழில்நுட்பச் செய்தித்தளம், ஒரு பேக்கப் சாஃப்ட்வேரைக் குறிப்பிட்ட விதத்தில் பயன்படுத்தினால் மறைந்திருக்கும் இடம் வெளியே வரும் என்று எழுதியது. செய்து பார்த்தவர்களுக்குக் கூடுதல் இடம் ‘தெரிந்தது’. நடந்தது என்னவென்றால், பார்ட்டிஷன் அட்டவணை கெட்டு, ஒரே இடம் இரண்டு டிரைவ்களாகக் காட்டப்பட்டது. புதிய டிரைவில் எழுத எழுதப் பழைய டிரைவில் இருந்தவை அழிந்தன. ஒரே வயலுக்கு இரண்டு பட்டா வாங்கியது போல.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் தட்டும் இல்லை, தடமும் இல்லை. பூஜ்ஜியம் எழுதினால் ஆயுள் தேய்வதுதான் மிச்சம். முழுக்கத் துடைக்க வேண்டுமென்றால் அந்த எஸ்எஸ்டி நிறுவனத்தின் ‘செக்யூர் இரேஸ்’ வசதி போதும்.

நிஜமாகவே இடம் கிடைக்கும் வழிகள்

இடம் இல்லை என்பது பொய்ப் பிரச்சினை அல்ல. அதற்கு வழிகள் உண்டு. எதற்கும் லோ-லெவல் ஃபார்மட் தேவையில்லை.

விண்டோஸில் ‘ஹைபர்னேட்’ பயன்படுத்தாதவர்கள் அதை அணைக்கலாம். அதற்கான ஃபைல் வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீதம். 8 ஜிபி ரேம் என்றால் 3 ஜிபிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸின் பிரதி பல ஜிபிக்கு அப்படியே கிடக்கும். ‘ஸ்டோரேஜ்’ செட்டிங்ஸில் போய் அதை நீக்கலாம்.

லினக்ஸில் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்தால் 5 சதவீதம் நிர்வாகிக்காக ஒதுக்கப்படும். 500 ஜிபியில் அது 25 ஜிபி. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் அதைத் தொடக் கூடாது. படம், வீடியோ மட்டும் வைக்கும் பார்ட்டிஷனில் 1 சதவீதமாகக் குறைக்கலாம். உள்ளே இருக்கும் ஃபைலை அழிக்காமலே இதைச் செய்ய முடியும். ‘ஒளிந்திருக்கும் இடம்’ என்று தேடுகிறவர்களுக்கு நிஜமாகவே கிடைக்கக்கூடியது இதுதான்.

பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்கில் எக்ஸ்ஃபேட் முறை இருந்தால் இன்னொன்றைக் கவனிக்கலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்கை விண்டோஸ் 128 கேபி பெட்டிகளாகப் பிரிக்கும். 4 கேபி ஃபைல் ஒன்றை வைத்தாலும் ஒரு முழுப் பெட்டி போய்விடும். அப்படி 10,000 சின்ன ஃபைல்கள் இருந்தால் 40 எம்பி சரக்குக்கு 1.28 ஜிபி இடம் செலவு. அவற்றை ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

போனில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் குரூப்பில் வந்த ஃபார்வேர்டு வீடியோக்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பெரிய ஃபைல்களை வரிசைப்படுத்திக் காட்டும் வசதி இருக்கிறது. சாயங்காலம் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எந்த ஃபார்மட்டும் தராத இடம் கிடைக்கும்.

நியாயமான கோபம் ஒன்று உண்டு

“கம்பெனிக்காரன் ஏமாத்துறான்” என்ற பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. இடத்தை ஒளித்து வைப்பதில் அல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில்.

ஜிபி கணக்கு வித்தியாசத்துக்காக அமெரிக்காவில் வழக்குகள் நடந்தன. 2007-ல் சீகேட், டிஸ்க் வாங்கியவர்களுக்கு விலையில் 5 சதவீதம் அல்லது இலவச பேக்கப் சாஃப்ட்வேர் தரச் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலும் இதேபோன்ற வழக்கில் சமரசத்துக்கு வந்தது.

2020-ல் இன்னொன்று தெரியவந்தது. எஸ்எம்ஆர் என்ற முறையில் தடங்களை வீட்டுக் கூரையின் ஓடு போல ஒன்றன் மேல் ஒன்று லேசாக ஏறும்படி எழுதுவார்கள். இடம் கூடும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதையொட்டி வரும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதனால் எழுதும் வேகம் சில நேரம் படுத்துவிடும். பெரிய டிஸ்க் நிறுவனங்கள் சில மாடல்களில் இந்த முறையைச் சொல்லாமலே விற்றது பயனர்களின் சோதனையில்தான் வெளிவந்தது. எந்த மாடலில் எந்த முறை என்ற பட்டியல் அதன் பிறகே வெளியிடப்பட்டது.

லோ-லெவலில் நடக்கும் மாற்றத்தின் லாபம் கம்பெனிக்கு, அதன் விலை வாங்கியவருக்கு என்று ஆனது அந்தக் கதையில். ஆகவே கேட்க வேண்டியது லேபிளில் மூன்று வரி. விண்டோஸில் எவ்வளவு காட்டும்? தடம் எழுதும் முறை என்ன? போன், லேப்டாப் என்றால், பெட்டியைத் திறந்த முதல் நாள் பயனருக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு? அரிசி மூட்டையில் நிகர எடை எழுதச் சொல்லும் நாட்டில் இது பெரிய கோரிக்கை இல்லை. மாணவர்களுக்கு மொத்தமாக லேப்டாப் வாங்கும் மாநில அரசு தன் டெண்டரில் இந்த மூன்று வரியைக் கேட்டாலே போதும். அவ்வளவு பெரிய ஆர்டருக்காக நிறுவனங்கள் லேபிளை மாற்றும்.

டிஸ்கைத் தொடும் முன்

டிஸ்க் நிரம்பியிருந்தால் அது இடப் பிரச்சினை. டிஸ்க் சத்தம் போட்டால், ஃபைல் திறக்க அடம்பிடித்தால் அது உடல்நிலைப் பிரச்சினை. இரண்டுக்கும் ஃபார்மட் மருந்தல்ல.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டால், எத்தனை செக்டர்கள் ஏற்கெனவே உதிரிக்கு மாற்றப்பட்டன என்று காட்டும். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: முதலில் நகல் எடுப்பது.

சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை டிஜிலாக்கரிலோ இ-சேவை வழியாகவோ பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடலாம். பாட்டியின் குரல் பதிவையோ, மூன்று வருஷ எஸ்டேட் கணக்கையோ எந்த அலுவலகமும் மறுபடி தராது. சிக்னல் மெதுவாக இருக்கும் வெள்ளக்கடை போன்ற ஊர்களில் கிளவுடை நம்புவதைவிட, இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை நகல் எடுத்து, வேறு வீட்டில் வைப்பது நடைமுறைக்கு ஏற்ற வழி. லோ-லெவல் ஃபார்மட் தருவதாகச் சொல்லும் 34 ஜிபிக்குக் கொடுக்கும் காசை அந்த இரண்டாவது டிஸ்குக்குப் போடுவது மேல்.